அவர் படுத்த பக்கம்

மெல்பேர்ண் ட்ருகனினாவில் நான் வேலை செய்கிற வேர்ஹவுஸில் தேநீர் நேரம். எங்களோடு வேலை செய்கிற வெள்ளைக்காரன் ஒருவன் பன்றி வேட்டைக்குப் போகிறவன். தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். வீட்டுச் சுவருக்கு அடிக்கிற பிளாஸ்டர் பலகைகளை வரிசையாக நிறுத்தி ஷொட்கன் துவக்கால் சுட்டிருந்தார்கள். பறவைக்குச் சுடுகிற சின்னச் சன்னங்கள் இரண்டாவது பலகையோடு நின்றுவிட்டன. பன்றிக்குப் போடுகிற ஒற்றைக் குண்டு அத்தனையையும் துளைத்து, பின்னால் சாத்தியிருந்த மரக்கதவையும் கடந்து போனது. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என்ர மனுசன் இதை எந்த வீடியோவும் பார்க்காமலே சொன்னவர்.

புதுவீடு பார்க்கப் போன அன்று நான் குசினியில் அடுப்பைப் பார்க்க, அவர் சுவர் சுவராகத் தட்டிக்கொண்டு நின்றார். "இது ஒண்டையும் மறிக்காது," என்றார். விற்க வந்தவன் முழித்தான். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. குடிவந்த பிறகும் கட்டிலில் வெளிச்சுவர்ப் பக்கம் என்னைப் படுக்க விடவில்லை.

"ஊரில சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம்! இது மெல்பேர்ண். பேசாமல் தள்ளிப் படுங்கோ," என்று ஏசுவேன்.

"ஓம், ஓம்," என்பார். இடம் மட்டும் மாறமாட்டார். எனக்கும் சுவருக்கும் நடுவில் அந்த அகன்ற முதுகு கிடக்கும்.

போன வின்ரர் குளிருக்குள் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

வீடியோ பார்த்த அன்று, வேலையால் வந்த கையோடு, முதல்தடவையாக அவர் படுத்த பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். சுவர் ஐஸாய்க் குளிர்ந்தது. இவ்வளவு காலமும் அந்தக் குளிரையும் அவர்தான் மறித்திருக்கிறார்.