சித்தியின் இரட்டை இன்ஜின்

சித்தி விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன வருடம் எனக்குப் பத்து வயது. மாமா, அதாவது அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், போலீஸில் இருந்தார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஒற்றை இன்ஜின் விமானத்தில் ஏறினால் அன்றோடு படிப்பை நிறுத்திவிடுவேன் என்று சொல்லித்தான் சித்தியை அனுப்பினார். இரண்டு இன்ஜின் இருந்தால் ஒன்று நின்றாலும் இன்னொன்று வீடு கொண்டுவந்து சேர்த்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

இந்த விஷயத்தில் தென்காசியிலேயே பெரிய நிபுணர் நான்தான். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த படங்களை ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். முதுகில் விசிறியைக் கட்டிக்கொண்டு குடைத்துணியில் தொங்குகிறவர், தலைக்கு மேல் காற்றாடி சுற்றும் ஜைரோகாப்டர், மூக்கில் ஒரே விசிறி உள்ள குட்டி விமானம், எல்லாம் அதில் உண்டு. கடைசிப் பக்கம் முழுவதையும் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இன்ஜின் வைத்த விமானத்துக்கே கொடுத்திருந்தேன். அதற்கு முன்னால் மற்றதெல்லாம் எனக்குப் பொடிசுகள். சித்திதான் ஒருநாள் போனில் உண்மையைச் சொன்னாள்.

"அது லேசுப்பட்டதில்லட்டி. ஒரு இன்ஜின் நின்னா மத்தது ஒரு பக்கமா இழுத்துரும். காலால மிதிச்சு நேரா பிடிக்கணும். ஒத்த இன்ஜின்ல நல்லா பழகுனவங்களுக்குத்தான் அதத் தருவாங்க. அண்ணன்கிட்ட சொல்லிராத."

தை மாதம் ஒரு காலையில் சித்தி தன்னந்தனியாகக் கேரளாவிலிருந்து செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பறந்து வரப்போவதாகத் தகவல் வந்தது. மாமாவும் அம்மாவும் நானும் பண்பொழித் திருமலைக் கோயில் படியேறிப் போய் நின்றோம். முதலில் சத்தம்தான் கேட்டது. பிறகு குற்றாலத்து மலைப் பக்கம் வெள்ளையாக ஒரு பொட்டு. அது வளர்ந்து, இறக்கை முளைத்து, எங்களை நோக்கியே வந்தது. எனக்குத் தலை பின்னிவிடுகிற கை அதற்குள் இருக்கிறது என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் சிலிர்த்தது. சித்தி இறக்கையை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை சாய்த்துக் காட்டினாள். அம்மா அழுதுவிட்டாள்.

மூக்கில் ஒரே விசிறி.

"ஏட்டி, நீதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே. எத்தன இன்ஜின்?" என்றார் மாமா.

என் தோளில் இருந்த அம்மாவின் கை இறுகியது.

"ரெண்டு மாமா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா. றெக்கைக்கு ஒண்ணு."

"அப்ப சரி. படிக்கட்டும்" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு போலீஸ்காரரையே ஏமாற்றிவிட்ட பயமும் பெருமையுமாகப் படி இறங்கினேன். பாதி வழியில் மாமா நின்று, கீழே தூரத்தில் செங்கோட்டை ரோட்டில் போன லாரியைக் காட்டினார்.

"பின்னால ரெண்டு லைட்டுல ஒண்ணு உடஞ்சு கெடக்கு பாரு. புளியறை செக்போஸ்ட்ல பிடிச்சிருவானுவ."

எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு லாரியே சரியாகத் தெரியவில்லை. மாமாவுக்கு என்ன கண் என்று வியந்துகொண்டே இறங்கினேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.