தானாகப் போகும் அப்டேட்

நான் வேலை பார்த்த கம்பெனி ஆன்லைன் கடைகளுக்கு ஒரு பிளகின் விற்றது. வாங்கிய பொருள் என்றைக்கு வந்து சேரும் என்று காட்டுகிற சின்னச் சமாச்சாரம். அதன் புது வெர்ஷனை வெளியிடுவது என் வேலை. மூன்று இடங்களில் வெர்ஷன் எண்ணை மாற்றி, ஜிப்பாகக் கட்டி, ஏற்றி, ஒழுங்காகப் போனதா என்று பார்க்க வேண்டும். எங்கிருந்தும் செய்யலாம் என்பதால் ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டிலிருந்தே செய்ய விட்டிருந்தார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அம்மா போன பிறகு அப்பாவுக்கு நான் ஒருத்திதான். வீட்டில் ஆள் இல்லையென்றால் அந்த மனுஷன் பழைய களியைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்.

மலையில் மழை பிடித்தால் நெட் போய்விடும். பாதி ஏறிய ஃபைலோடு சிக்னலுக்காகப் பாறைமேல் குடை பிடித்து நிற்பேன். அங்கே அப்டேட் வராமல் கடைக்காரர்கள் திட்டித் தீர்ப்பார்கள். பொறுமைக்கும் எனக்கும் என்றைக்குமே ஆகாது. அந்த மழைக்காலம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இந்த வேலையைத் தானாகவே செய்கிற ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். திருத்திய புரோகிராமை யார் அனுப்பினாலும் சரி, சோதிப்பது, எண் மாற்றுவது, வெளியிடுவது எல்லாம் கம்பெனி சர்வரே செய்துவிடும்.

முதல் அப்டேட் தானாகப் போனபோது அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். புளி விற்க ஒடுகத்தூர் சந்தைக்குப் போன இடத்தில் அவர் எல்லாரிடமும் பெருமை பீற்றியிருக்கிறார்.

மேனேஜர் போனில் பாராட்டினார். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார். ரிலீஸ் பண்ண இனி ஆள் தேவையில்லையாம். சென்னை ஆபீசுக்கு வந்தால் வேறு வேலை தருவார்களாம், வராவிட்டால் அவ்வளவுதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். நாலு இடத்தில் கேட்டும் பார்த்தேன். மலையிலிருந்தே வேலை செய்ய யாரும் விடுவதாக இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்த வாரச் சந்தைக்குப் போனவர் தோளில் ஒரு பிளாஸ்டிக் சேரோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

"இன்னாப்பா இது?"

"உனக்குத்தாம்மா. இனிமே மெஷினே வேலை செய்யும்னியே. வூட்லயே இருக்கப் போற, தரையில உக்காந்தா முதுகு நோவும்ல."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாசலில் சேரை இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார்.

"அப்போ அந்த மெஷினை நிறுத்திடும்மா."

"நிறுத்த முடியாதுப்பா. அது இப்ப அவங்களது."

"நீ பண்ணதுதானே? உன் பேச்சைக் கேக்காதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்காதுப்பா என்றேன்.