கதிர்க்கட்டுக்காரி

கிறிகோரி அண்ணையின் சட்டைப்பைக்குள் எப்போதும் ஒரு சோடிப் பருத்திக் கையுறை இருக்கும். மாடிப்படி கழுவுகிற வேலைக்கு றப்பர் கையுறை போதும். பருத்திக் கையுறை வெள்ளிக்குற்றிகளைத் தொட.

அவை காசுபோல இருக்கும், காசில்லை. அமெரிக்காவில் தனியார் பட்டறைகள் அடிப்பவை. ராசா தலை கிடையாது. ஒரு பக்கம் ஏதாவது படம், மறுபக்கம் எடையும் சுத்தமும். இத்தாலியில், நாங்கள் இருந்த பலெர்மோவின் பழைய சாமான் சந்தையில் ஒரு கிழவர் விற்றார். எண்ணாயிரம் லீரா பெறுமதியான வெள்ளிக்கு அண்ணை பதினையாயிரம் கொடுப்பார். படம் கிடைத்தற்கரியது என்றால் இன்னும் கூட.

அவர் மனைவி யோசப்பின் அக்காவுக்கு அது பொறுக்காது. விற்கப் போனால் எடைக்குத்தான் விலை, செய்கூலி போனது போனதுதான் என்று மன்னாரில் நகை விற்று வாங்கிப் பழகிய அவர் சொல்லுவார்.

"போடுற நகைக்கெண்டால் குடுக்கலாம். பெட்டிக்குள்ளை வைச்சுப் பாக்கவே செய்கூலி?"

"இதுக்கு நாடும் இல்லை, இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோக் கடதாசியும் தேவையில்லை. எங்களைவிடத் திறம்" என்பார் அண்ணை.

பல்லரோச் சந்தைக்கு மேலே அவர்கள் வீட்டில் ஓர் அறை எனக்கு வாடகைக்குக் கிடைத்திருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அந்தப் பெட்டி திறக்கும். எல்லாவற்றிலும் மேலானவள் கதிர்க்கட்டுக்காரி: தோளில் கதிர்க்கட்டோடு நடக்கும் ஒரு பெண். ஜன்னலருகே சற்றுச் சரித்தால் கதிர்கள் அசையும். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து, இரட்டை விலைக்கும் மேலே கொடுத்து வாங்கியது. ஒரு கீறல்கூட விழாமல் அவளை வைத்திருப்பதே அண்ணையின் விரதம்.

பக்கத்து வீட்டு ஆனந்தராசாதான் அண்ணை வந்திறங்கிய காலத்தில் தன் அறையில் பாய் போட்டுக் கொடுத்தவர். அவருக்கும் குகனேஸ்வரிக்கும் நெடுநாள் கழித்து லக்ஷனா பிறந்தாள். பிள்ளையின் முப்பத்தோராம் நாள் கொண்டாட்டத்துக்குக் கதிர்க்கட்டுக்காரியைக் கொடுக்கப் போவதாக அண்ணை சொன்னபோது அக்காவே திகைத்துப்போனார். வேறொன்றைக் கொடுக்கச் சொன்னார்.

"குடுக்க மனம் வராததைத்தான் குடுக்கவேணும்" என்றார் அண்ணை.

பிளாஸ்ரிக் கூட்டோடு கொடுத்தார். திறக்கக்கூடாது, விரல் படக்கூடாது, பிள்ளை வளர வளர இதன் விலையும் ஏறும் என்று விளக்கினார். பாயாசம் பரிமாறும் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை.

அடுத்த கிழமை நானும் அண்ணையும் பிள்ளை பார்க்கப் போனோம். பிள்ளை கிடந்த ஏணைக்கு மேலே கறுத்த நூலில் கதிர்க்கட்டுக்காரி தொங்கினாள். தலைக்கு மேல் ஒரு துளை, துளைக்குள் வளையம். லட்சுமி அம்மன் என்று குகனேஸ்வரி நினைத்துவிட்டார். கழுத்துக்குப் பாரமாம், நடக்கத் தொடங்கியதும் போடுவதாம், அதுவரை பிள்ளை பார்க்கட்டுமாம். துளைத்த குற்றியைச் சேகரிப்பவர் யாரும் தொடமாட்டார். இனி அது வெறும் எடை. அண்ணை தேத்தண்ணி வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார்.

அந்த ஞாயிறு பெட்டி திறக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பக்கத்து வீட்டுப் பக்கமே அவர் போகவில்லை. அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, துளைதான் அவருடைய மனவருத்தத்துக்குக் காரணம் என்று குகனேஸ்வரியிடம் சொல்லிவிட்டார்.

குகனேஸ்வரி உடனே வந்தார். ஒரு கையில் பிளாஸ்ரிக் கூடு, மறுகையில் மடித்த கடதாசி.

"அண்ணை, உங்கடை வெள்ளி ஒரு குறுணியும் போகேல்லை. துளை போட்ட இத்தாலிக்காரப் பத்தர் எடுத்துப்போடுவான் எண்டு முன்னாலேயே இருந்தனான். துளைச்ச தூளெல்லாம் கூட்டி அள்ளித் தரச் சொல்லி வாங்கியந்தனான். அவன் என்னை விசரி எண்டு நினைச்சிருப்பான்."

அண்ணை கடதாசியைப் பிரித்தார். சிட்டிகை வெள்ளித் தூள் மினுங்கியது.  மூச்சு அதில் படாமல் முகத்தைத் திருப்பித்தான் பேசினார்.

"வளையம் இறுக்கமோ தங்கச்சி? கழண்டு விழுந்தால் பிள்ளைக்குப் படும்."

அன்று பின்னேரமே போய் நூலை மாற்றிக் கட்டினார். கையுறை போடவில்லை. அவர் பெருவிரல் அடையாளம் வெள்ளியில் பதிந்தது. பிள்ளை அதையும் சேர்த்துப் பார்த்தது.

மறு ஞாயிறு பெட்டி திறந்தது. கதிர்க்கட்டுக்காரியின் இடத்தில் அவளுடைய கூடு இருந்தது. உள்ளே அந்தத் தூள். அக்கா குனிந்து பார்த்தார்.

"இதுக்கும் செய்கூலி குடுத்தனீங்களோ?"

"ஓம். இதுக்குத்தான் ஆகக் கூட."