கண்மாய்க் காவலரின் துண்டு

“பங்குனி, முதல் செவ்வாய். கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கண்மாயில் மீன் குத்தகைக் காவலரைச் சந்தித்தேன்” என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. மெலிந்த, உயரமான மனிதர். தோளில் மடித்த வெள்ளைத் துண்டு இருந்தும் வியர்வையைப் புறங்கையால்தான் துடைத்துக்கொண்டார்.

முன்பெல்லாம் கண்மாய் வற்றும்போது கரையில் ஒருவர் துண்டை வீசுவார். உடனே ஊரே இறங்கி மீன் பிடிக்கும். மீன் வளர்ப்பைக் குத்தகைக்கு விட்டபின் அது நின்றுபோனது.

கூடையோடு வந்த ஒரு பெண்ணை அவர் கரையிலேயே மறித்தார்.

“ஏண்ணே, அம்புட்டுப் பேரையும் துண்டு வீசி இறக்கிவிட்டதே நீங்கதான? இப்ப ஒரு கொழம்புக்குக்கூட விடமாட்டீகளா?”

“துண்டு தோள்லதான் கெடக்கு, தாயி. வீசுனா வேலை போயிரும்.”

“அப்ப அத வச்சு மூஞ்சியவாச்சும் தொடைங்க.”

அவர் சிரித்தார். முகத்தை மறுபடியும் புறங்கையால்தான் துடைத்தார்.

வைகாசியில் திரும்பப் போனபோது காவலுக்கு வேறொருவர் நின்றார். குத்தகைதாரர் வலை கொண்டுவருவதற்கு முந்தின நாள் காலையில், யாரோ துண்டு வீச, ஊரே கண்மாயில் இறங்கியதாம். வீசியது யார் என்று கேட்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர்தானா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.