ஆணியில் மாட்டிய லிமிட்

"டைம் என்னாச்சும்மா?"

போன மாதம் முழுக்க நான் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி இதுதான். மற்றதெல்லாம் மீட்டிங்கில் கேட்ட கேள்விகள்... அவற்றுக்குப் பதிலும் கிடையாது, பயனும் கிடையாது.

இதே பத்தியில் ஜூஜுவாடி செக்போஸ்ட் டிராபிக்கைத் திட்டி எழுதியபோது கைதட்டிய வாசகர்களே, இந்த வாரத் திட்டில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. முழுசாகப் படியுங்கள்.

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். வண்டிகளுக்கு இரும்பு பாகங்கள் செய்கிறார்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இரும்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். அதற்கு ஒரு சால்வென்ட் தொட்டி. பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், லேசாக இனிப்பு வாசனை அடிக்கும். அதைச் சூடு பண்ணி, கூடையில் பாகங்களைப் போட்டு முக்கி எடுப்பார்கள். தொட்டிக்கு மூடி இல்லை. தொட்டிக்கு மேலே ஆவி. ஆவிக்கு மேலே ரத்னம்மாவின் முகம்.

ரத்னம்மாவுக்கு ஊர் தேன்கனிக்கோட்டை பக்கம். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், கம்பெனியில் தமிழ். நான்கு வருஷமாக அந்தத் தொட்டியில்தான் நிற்கிறார். மத்தியானத்துக்கு மேல் தலை சுற்றுகிறது என்று மூன்று முறை புகார் சொல்லிவிட்டார். மூன்று முறையும் ஹெச்.ஆர். ஆபீசர் கண்டுபிடித்த காரணம் ஒன்றுதான்.

"காலையில சாப்பிடாம வந்தா தலை சுத்தத்தான் செய்யும்."

"களி தின்னுட்டு வர்றேன் சார். நாலு இட்லி தின்னுட்டு வர்ற நீங்க ஒரு நாள் இங்க நின்னு பாருங்க. ஸ்ட்ரெச்சர் நாங்களே கொண்டாறோம்."

இந்தப் பதிலுக்குப் பிறகு அவர் மீது ஹெச்.ஆருக்கு இன்னும் பாசம் கூடிவிட்டது. வேறு ஆள் போடச் சொல்லி, கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரிடம் பேசியாகிவிட்டது. காற்றை அளந்த ரிப்போர்ட் 'எல்லாம் சரி' என்று வந்தால் போதும், ரத்னம்மா பொய்க்காரி ஆகிவிடுவார். பொய்க்காரிக்கு வேலை எதற்கு?

அந்தக் காற்றை அளந்தவள் நான். அதுதான் என் தொழில்.

கம்பெனிக்கு ஒன்றும் திடீரென்று ஞானம் பிறந்துவிடவில்லை. வெளிநாட்டுக் கஸ்டமர் கேட்டுவிட்டான் — உங்கள் தொழிலாளி இந்த ஆவியை எவ்வளவு வரை சுவாசிக்கலாம் என்று உங்களுக்குள் ஒரு லிமிட் வைத்திருக்கிறீர்களா? வைத்திருக்கவில்லை. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

மேனேஜர் பெங்களூரிலிருந்து வந்து போகிறவர். நான் பேப்பரை விரித்து எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று விளக்க ஆரம்பித்ததும் கையைத் தூக்கிவிட்டார்.

"மேடம், ஒந்து நம்பர் கொடி... சாக்கு."

ஒரு நம்பர் கொடுங்கள், போதும் என்கிறார். கன்னடத்தில் சாக்கு என்றால் போதும். தமிழில் சாக்கு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். அவர் வாய் கேட்டது முதலாவது. மனசு கேட்டது இரண்டாவது.

சட்டத்தில் நம்பர் இருக்கிறது. ஆனால் அது எட்டு மணி நேர வேலைக்கான சராசரி. இங்கே ஓவர்டைமோடு பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். கூடுதலாக நான்கு மணி நேரம் சுவாசிக்கிறவருக்கும் அதே நம்பரா? உடம்பு அந்த ஆவியை வெளியே தள்ளக் கிடைக்கும் ஓய்வும் அந்த அளவுக்குக் குறைகிறதே? சொன்னேன். "மொதல்ல ரீடிங் வரட்டும் மேடம்" என்றார்கள்.

ரீடிங் எடுப்பது எப்படி? கைக்கு அடக்கமான ஒரு சின்ன பம்ப். இடுப்பில் மாட்ட வேண்டும். அதிலிருந்து வரும் குழாயின் முனையைக் காலரில், மூக்குக்குப் பக்கத்தில் குத்த வேண்டும். மூக்குக்குப் போகும் காற்றை அதுவும் இழுக்கும். ஷிஃப்ட் முடிந்ததும் லேபுக்கு அனுப்ப வேண்டும். அன்று காலையில் ரத்னம்மாவுக்கு என் கையாலேயே மாட்டிவிட்டேன். "ஜாக்கிரதைம்மா, காஸ்ட்லி மெஷின்" என்றேன். பிறகு ஆபீஸில் டீ வந்தது. ஃபேன் சுற்றியது. நான் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் போனேன், அவர் மெஷினைத் துடைத்து என் கையில் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரிப்போர்ட் வந்தது. சட்டம் சொல்லும் லிமிட்டில் கால்வாசி கூட இல்லை.

மீட்டிங் ரூமில் ஒரே குஷி. சட்டத்தில் உள்ள நம்பரையே கம்பெனி லிமிட்டாக டைப் செய்து, நான் கையெழுத்துப் போட இடம் விட்டு, பேனாவையும் திறந்து நீட்டினார்கள். ஹெச்.ஆர். சிரித்தார். "நான் அப்பவே சொன்னேன்ல மேடம், எல்லாம் டிராமா."

எனக்கு மனசு ஒப்பவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனேன். இடைவேளைக்கு எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நேரம் கேட்டேன்.

ரத்னம்மா கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. தொட்டியை விட்டு இருபது அடி நடந்து ஜன்னலுக்குப் போனார். அங்கே ஒரு ஆணி. அதில் அவருடைய ஒயர் கூடை, கூடவே வாட்ச். பார்த்துவிட்டு வந்தார்.

"பத்தே கால்ங்க மேடம்."

"வாட்சை ஏன் அங்க மாட்டியிருக்கீங்க?"

"இங்க கட்டுனா அதோட பிளாஸ்டிக் கண்ணாடி மங்கிப்போவுதுங்க. இந்த ஆவிக்கு ஆவறதில்ல. மொதல்ல ஒண்ணு அப்படித்தான் போச்சு. அதுல இருந்து ஆணிதான்."

நான் அந்த ஆணியைப் பார்த்தேன். கேட்டேன். "அன்னைக்கு நான் குடுத்த மெஷினு?"

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அதையும் அங்கதாங்க மாட்டி வெச்சேன். நீங்க அந்தப் பக்கம் போனதும் கழட்டிட்டேன். காஸ்ட்லின்னு சொன்னீங்களே... கெட்டுட்டா என்னா பண்றது? கடைசில தொடச்சுதானே குடுத்தேன்?"

நாள் முழுக்க அந்த மெஷின் ஜன்னல் காற்றைச் சுவாசித்திருக்கிறது. தோட்டத்து மரம், ரோட்டுப் புழுதி, அவ்வளவுதான். கால்வாசி கூட இல்லை என்று வந்ததில் என்ன அதிசயம்?

அவர் மேல் கோபப்பட முடியுமா? என் மேல்தான் வந்தது. 'காஸ்ட்லி' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லத் தெரிந்த எனக்கு, 'இது உன் மூக்குக்காகத்தான்' என்று சொல்லத் தோன்றவில்லை. டீ குடிக்கப் போய்விட்டேன். நான்கு வருஷமாக அந்த இடத்தில் பிளாஸ்டிக்கைக் கூட வைக்கக் கூடாது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தன்னை வைக்கலாம் என்று மட்டும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து நம்ப வைத்திருக்கிறோம்.

மீட்டிங் ரூமுக்குத் திரும்பினேன். ரிப்போர்ட்டை நடுவில் கிழித்தேன்.

"மேடம், அது ஒரிஜினல்" என்றார் ஹெச்.ஆர்.

"உங்க ஜன்னல் ரொம்ப ஆரோக்கியமா இருக்குது சார். அதுக்கு வேணும்னா சர்டிஃபிகேட் தர்றேன்."

மறுபடியும் அளந்தோம். இந்த முறை ஷிஃப்ட் முழுக்கத் தொட்டிக்குப் பத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். டீ கிடையாது. மத்தியானம் எனக்கே தலை கனத்தது. காலையில் மூக்கில் ஏறிய இனிப்பு வாசனை மத்தியானம் தெரியவே இல்லை — காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு கைவிட்டுவிட்டது. 'பழகிடுச்சு' என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான்.

ரீடிங் லிமிட்டைத் தாண்டி வந்தது.

"ஒரே ஒரு நாள் ரீடிங்கை வெச்சு எப்படி..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"அந்த முதல் ரீடிங் எத்தனை நாள் சார்?"

பேனாவைத் திறந்தேன். பிறகு நான் எழுதினேன். கம்பெனி லிமிட், சட்டத்தில் உள்ளதில் பாதி. அந்தப் பாதியில் பாதியைத் தொட்டாலே காரணம் தேட வேண்டும். தொட்டிக்கு மூடி. ஓரத்தில் ஆவியை இழுக்கும் எக்ஸாஸ்ட். கூடை சொட்டு வடிந்த பிறகுதான் மேலே வர வேண்டும். அந்த இடத்தில் ஓவர்டைம் கிடையாது. அதைப் படித்து முடித்த மேனேஜர் 'சாக்கு' என்று சொல்லவில்லை. கஸ்டமர் ஆடிட்டுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, வேறு வழியும் இல்லை. கையெழுத்துப் போட்டார். புது ஆள் வேண்டாம் என்று கான்ட்ராக்டருக்கும் சொல்லியாகிவிட்டது. மூடியும் எக்ஸாஸ்ட்டும் வந்த பிறகு எடுத்த ரீடிங், அந்தப் பாதிக்கும் நன்றாகக் கீழே.

இதைப் படிக்கும் மேனேஜர்களுக்கு ஒரு வார்த்தை. லிமிட் என்பது ஆடிட்டருக்குக் காட்டும் எண் இல்லை. அதன் முனையில் ஒரு ஆள் நிற்கிறார். எண்ணை எழுதும் முன்னால் அவரிடம் போய், நீங்கள் இங்கே எதையெல்லாம் வைக்க மாட்டீர்கள் என்று கேளுங்கள். லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே பதில் வந்துவிடும்.

போன வாரம் மறுபடி போயிருந்தேன். தொட்டிப் பக்கம் ரத்னம்மா. தலை சுற்றல் இல்லையாம். பழக்கதோஷத்தில் நேரம் கேட்டுவிட்டேன்.

அவர் ஜன்னலுக்கு நடக்கவில்லை. கையுறையை இழுத்துவிட்டு, மணிக்கட்டைத் திருப்பினார்.

"மூணு அடிச்சுடுச்சுங்க. இப்பல்லாம் மங்கறதில்ல."

வாட்ச் மங்கவில்லை என்பதற்காக அளப்பதை நிறுத்திவிடக் கூடாது என்று அங்கேயே கறாராகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். போகும்போது ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

ஆணியில் இப்போது, தொட்டிப் பக்கம் வந்து போக ஆரம்பித்திருக்கும் ஹெச்.ஆர். ஆபீசரின் ஹெல்மெட் தொங்குகிறது — தொங்கட்டும்.