லொறியில் ஏறிய சைக்கிள்

சோலைமலை அண்ணன் எங்கள் கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர். காலையில் ஆபீசில் பையை வாங்கிக்கொண்டு நாலு மைல் கீழே கொட்டகலைக்குச் சைக்கிளில் இறங்குவார். திரும்பும்போது பாதி வழி மிதிப்பார், மீதி வழி தள்ளுவார். பதினோரு வருசம் இப்படியே போனதில் கால் இரண்டும் இறுகிப் போயிருந்தன.

எழுபத்தெட்டாம் வருசம் அடைமழையில் அவர் மனைவி வீரம்மா அக்காவுக்கு வலி எடுத்தது. தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு கொழுந்து லொறி. அது கொழுந்தை இறக்கிவிட்டு வர இரண்டு மணி நேரமானது. ஈரச் சாக்கின் மேல் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. அது அழவே இல்லை.

சிறில் மாஸ்டரும் எங்கள் லயத்தில், அதே வரிசை வீடுகளில் பிறந்தவர்தான். சோலைமலை அண்ணனோடு ஒன்றாக ஓடியாடி வளர்ந்தவர். படித்து, கொட்டகலையில் வாத்தியாராகி, அங்கேயே வீடெடுத்து, ஒரு நற்பணி மன்றமும் நடத்திக்கொண்டிருந்தார். எண்பத்தொன்றில் ஒருநாள் லயத்துக்கு வந்தார்.

"மச்சான், நாம ரெண்டு பேரும் சைக்கிள் மிதிப்போம்டா. வட்டவளையில ஏறினா கந்தப்பளையிலதான் எறங்கணும். மைலுக்கு இவ்வளவு தர்றதா கடைக்காரங்ககிட்ட எழுதி வாங்கிடுறேன். வர்ற காசுல பிள்ளைத்தாச்சிங்களுக்குன்னே ஒரு வேன் எடுப்போம்."

"வேன எங்க நிப்பாட்டுறது?"

"ஒங்க தோட்டத்துலதான். வீரம்மாவ நெனச்சுத்தானடா இதையே யோசிச்சேன்."

அந்த ஒரு வார்த்தையில் அண்ணன் சரி என்றுவிட்டார். வீரம்மா அக்கா சும்மா இருக்கவில்லை. லயம் லயமாகப் போய்ப் பெண்களிடம் கேட்டார். நாங்கள் ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்தோம். நானும் கொடுத்தேன்.

அந்த வருச மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் புறப்பட்டார்கள். நாற்பது மைலுக்கு மேல், முக்கால்வாசி ஏற்றம். கியர் இல்லாத பழைய சைக்கிள்கள். அட்டன், கொட்டகலை, தலவாக்கலை வரைக்கும் மாஸ்டர் பக்கத்திலேயே வந்தார். நானுஓயா ஏற்றம் தொடங்கியதும் மூச்சு வாங்கினார்.

"நீ முன்னால போ மச்சான், நான் பின்னாலயே வர்றேன்."

அண்ணன் தனியாக ஏறினார். மூடுபனியோடு தூறலும் சேர்ந்துகொண்டது. ஒரு வளைவில் கெண்டைக்கால் பிடித்து இழுத்து, சைக்கிளோடு சரிந்து விழுந்தார். முழங்காலில் தோல் உரிந்து போனது. கைலேஞ்சியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தபோதுதான் கீழேயிருந்து ஒரு மரக்கறி லொறி வெறுமையாக வந்தது. பின்னால் ஒரு சைக்கிள் கட்டியிருந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் மாஸ்டர். அண்ணனைக் கண்டதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கந்தப்பளைக்கு அண்ணன் போய்ச் சேர்ந்தபோது, ஊருக்கு முன்னாலேயே லொறியை விட்டு இறங்கி மிதித்து வந்திருந்த மாஸ்டர் கழுத்தில் மாலை. தப்படித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனைக் கட்டிப்பிடிப்பதுபோல் சாய்ந்து, காதில் சொன்னாராம்:

"கால் சுளுக்கிருச்சு மச்சான். தயவுசெஞ்சு சொல்லிடாத. தெரிஞ்சா எழுதிக் குடுத்தவங்க ஒருத்தரும் தர மாட்டாங்க. வேன் வராது."

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். வீட்டில் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபடி, "மாஸ்டரும் முழுசா மிதிச்சாங்களா?" என்று அக்கா கேட்டதற்கு, "கூடவேதான் வந்தான்" என்று சொல்லிவிட்டார்.

எட்டு மாதத்தில் வேன் வந்தது. தேங்காய் உடைத்தோம். அக்கா அதன் நெற்றியில் குங்குமம் வைத்தார். மூன்று மாதம் பெக்டரி பக்கத்தில் நின்றது. வலி எடுத்த பேச்சியம்மாவையும் பூரணியையும் நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தது. பிறகு ரிப்பேர் என்று கொட்டகலைக்குக் கொண்டுபோனார்கள். அதோடு சரி. கேட்டால், "டிரைவர் டவுன்லதான இருக்கான், ஆள் அனுப்புங்க, வந்துரும்" என்பார் மாஸ்டர்.

எண்பத்துநாலு ஏப்ரலில் வீரம்மா அக்காவுக்கு மறுபடி வலி வந்தது. காலை பத்து மணி. அண்ணன் சைக்கிளில் பறந்தார். மன்றத்து வாசலில் வேன் இல்லை. மாஸ்டர் வீட்டு முன்னால் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேன் எங்கடா?"

"நுவரெலியாவுக்குப் போயிருக்கு மச்சான். சீசன்தானே, ஊர் சுத்திப் பாக்க வந்த கொழும்பு ஆளுங்க வாடகைக்குக் கேட்டாங்க. மன்றத்துக்கும் ஒரு கட்டடம் வேணாமா?"

"வீரம்மாவுக்கு வலிடா."

மாஸ்டர் பேப்பரை மடித்தார். "கொழுந்து லொறி இல்லையா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் அங்கே ஒரு நிமிசமும் நிற்கவில்லை. அந்த நாலு மைல் ஏற்றத்தையும் இறங்காமல் மிதித்தார். அவர் வந்தபோது என் அம்மா காளியாயி பிரசவம் பார்த்து முடித்திருந்தார். பெண் பிள்ளை. லயமே கேட்கிற மாதிரி அழுதது.

அன்று சாயங்காலம் அண்ணன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். லொறி விசயத்தையும் சேர்த்து. அக்கா மடியிலிருந்த பிள்ளையைப் பாயில் கிடத்தினார்.

"மூணு வருசமா ஒங்களுக்குத் தெரியுமா?"

"வேன் வரணுமேன்னுதான்..."

"அவரு ஏமாத்தினாரு, சரி. நீங்க ஏங்க எங்கிட்ட மறைச்சீங்க? லயம் லயமா கையேந்தினது நான். எல்லாரும் எம் மொகத்தப் பாத்துத்தானே குடுத்தாங்க."

பிள்ளை பெற்ற முப்பதாம் நாள் தீட்டுக் கழிவதற்குள்ளேயே பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்களிடம் அக்கா தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு நாங்கள் ஐம்பது பேர் கொட்டகலைக்கு இறங்கி மாஸ்டர் வீட்டு முன்னால் உட்கார்ந்தோம். கடைத்தெரு கூடியது.

"சோலைமலை பொறாமையில பேசுறான். நான் லொறியில போனத யார் பாத்தது?" என்றார் மாஸ்டர்.

"நான் பாத்தேன்" என்றார் அண்ணன்.

"அப்ப அன்னைக்கே ஏன்யா சொல்லல?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். அண்ணன் தலை குனிந்து நின்றதைப் பார்க்க முடியவில்லை.

அக்கா கைப்பிள்ளையோடு எழுந்தார். "நீங்க மிதிச்சீங்களோ இல்லையோ, அது கெடக்கட்டும். வேன் எங்க நிக்கும்னு சொல்லி எங்ககிட்ட வாங்கினீங்க? அதச் சொல்லுங்க."

மாஸ்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பொழுது சாயும்வரை நாங்கள் எழும்பவில்லை. கடைசியில் டிரைவர் வேனைத் தோட்டத்துக்கு ஓட்டி வந்தான். சீசன் ஓட்டத்தில் டயர் தேய்ந்து, கதவொன்று கயிற்றால் கட்டியிருந்தது. அப்படியும் இரண்டு வருசம் ஓடியது.

மாஸ்டர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு வேறெங்கோ போய்விட்டார். ஒருமுறை அட்டன் பஸ் ஸ்டாண்டில் "மச்சான்" என்று கூப்பிட்டாராம். அண்ணன் அப்போது வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டாராம். அது எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை.

அக்கா அண்ணனோடு சண்டை போடவில்லை, சமைத்துப் போடாமலும் இருந்ததில்லை. ஆனால் இப்போதும் அவர் எதைச் சொன்னாலும், கடையில் மாவு தீர்ந்துவிட்டது என்று சொன்னால்கூட, ஒரு தடவை "நெசமாவா?" என்று கேட்பார். அண்ணனும் ஒவ்வொரு தடவையும், "நெசந்தான்" என்பார்.