ஆபிரகாம் அண்ணன் ஓடமாட்டார்

எங்கள் ஆபிரகாம் அண்ணன் ஓடி, புனே பக்கத்துக் கட்கியில் யாரும் பார்த்ததில்லை. பஸ் கிளம்பினாலும் நடப்பார், லோக்கல் ரயில் ஊதினாலும் நடப்பார், மழை கொட்டினாலும் குடையை விரித்துக்கொண்டு நடப்பார். கல்யாண வீட்டில் பந்திக்கு ஜனம் முண்டியடிக்கும்போது அவர் பாட்டுக்கு நடந்து வந்து மிச்சமிருக்கிற நாற்காலியில் உட்காருவார். "அண்ணன் மோட்சத்துக்கும் நடந்துதான் போவாரு" என்று சர்ச்சில் அவரைக் கேலி செய்யாத ஆளில்லை. நானும் செய்திருக்கிறேன்.

காரணம் எனக்குத் தெரியும். வெடிமருந்துத் தொழிற்சாலையில் அவரும் நானும் ஒரே ஷெட். வாசலில் தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். உள்ளே ஓடக்கூடாது. வாசனை ஏதாவது வித்தியாசமாக வந்தால் கையில் இருப்பதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நடக்க வேண்டும். மற்ற நாங்களெல்லாம் சாயங்காலம் தீப்பெட்டியைத் திரும்ப வாங்கும்போதே அந்தச் சட்டத்தை மறந்துவிடுவோம். அவர் மட்டும் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார், ரிடையர் ஆன பிறகும் விடவில்லை. பாக்கியவதி அண்ணி அடுப்பைப் பற்றவைக்குமுன் அவர் போய் மூக்கால் அனுமதி கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் சாம்பிராணி கிடையாது. பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி கிடையாது. பேத்தி மீனு கூடத்தில் ஓடினால் "ஓடாத!" என்று ஒரு சத்தம் வரும், எதிர்வீட்டில் இருக்கும் நானே அப்படியே நின்றுவிடுவேன்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் மகன் டெக்ஸ்டர் தன் மாருதி காரை ஒப்படைத்துவிட்டு மஸ்கட் போனான். அண்ணனுக்கு ஓட்டத் தெரியாது. மருமகள் ஹெலினாவுக்கும் தெரியாது. "ஓட்ட வேணாம் டாடி. டெய்லி ஒருவாட்டி ஸ்டார்ட் மட்டும் பண்ணி வெச்சிடுங்க, இல்லேன்னா பேட்டரி பூடும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அண்ணன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தினமும் காலை ஜெபம் முடிந்ததும் சட்டை மாட்டிக்கொண்டு வந்து தார்ப்பாயை மடித்து வைப்பார். ஓட்டுநர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, குளிரில் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கைக் கடைசிவரை இழுத்து ஸ்டார்ட் செய்வார். சோக்கை உள்ளே தள்ளினால் குளிரில் வண்டி இருமும். அந்த இருமலைக் கேட்க அவருக்குப் பயம். அதனால் தள்ளவே மாட்டார். ஒரு சங்கீதம் வாசித்து முடிக்கும்வரை வண்டி நின்ற இடத்திலேயே உறுமும். பிறகு அணைத்துவிட்டு மறுபடி தார்ப்பாயைப் போடுவார். எப்போதாவது எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் நீளக் கம்பியை உருவிப் பார்ப்பார்.

"ஊர்ல எல்லார் வண்டியும் ஆயில குடிக்கிது ராஜு. நம்ம வண்டி பாரு, ஆயில் ஏறிக்கினு வருது!" என்று ஒருநாள் பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினார். கம்பியில் போட்டிருந்த மேல்கோட்டையும் தாண்டி எண்ணெய் நின்றது. கறக்காமலே பால் கொடுக்கிற மாடு உண்டா என்று கேட்கும் புத்தி எனக்கும் இல்லை. "சபாஷ்ணா" என்றேன்.

தொண்ணூற்றாறு ஜனவரியில் டெக்ஸ்டர் லீவில் வந்தான். வந்த மறுநாள் காலையிலேயே மனைவி மகளோடு செம்பூரில் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் காரில் கிளம்பினான். அப்போது எக்ஸ்பிரஸ்வே வரவில்லை. பழைய ரோட்டில் லோனாவளா போய், லாரிகளுக்கு நடுவே கண்டாலா காட் மலைப்பாதையில் இறங்கித்தான் பம்பாய் போகவேண்டும்.

நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் பானெட்டைத் திறந்து அந்தக் கம்பியை உருவினார். மூக்குக்கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது போல. கோடு தெரியாமல் கம்பியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்படியே நின்றுவிட்டார். மறுபடி முகர்ந்தார். பிறகு கம்பியோடு வீட்டுக்குள் நடந்தார்.

உள்ளே ஏன் போனார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவர் மூக்கை அந்த வீட்டில் யாரும் நம்புவதில்லை. எதற்கெடுத்தாலும் வாசனை வாசனை என்றால் யார் நம்புவார்கள்? அதனால் சாட்சிக்கு இன்னொரு மூக்கு வேண்டும். அண்ணி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். "மோந்து பாரு, பெட்ரோல் வாசன வரல?" என்று கம்பியை நீட்டியிருக்கிறார். "எனக்கு வெங்காயந்தான் வருது. காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா" என்று அவள் தள்ளிவிட்டிருக்கிறாள்.

வெளியே டெக்ஸ்டருக்கு அவசரம். டாடி பார்த்து முடித்துவிட்டார் என்று நினைத்து பானெட்டை அறைந்து மூடினான். "டாடி, போயிட்டு வரோம்!" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தான்.

அண்ணன் வாசலுக்கு வந்தபோது கார் தெருமுனையில் இருந்தது. சிலிண்டர் டெம்போ ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்ததால் டெக்ஸ்டர் காத்து நின்றான். அண்ணன் கம்பியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார். பவனியில் மெழுகுவத்தி பிடித்து நடப்பவர் போல நடந்தார். எனக்குச் சிரிப்புகூட வந்தது. பின்னால் அண்ணி, "ஓடுங்களேன்! ஓடிப் போயி நிறுத்துங்களேன்!" என்று அலறினாள். அவர் ஓடவில்லை. வாசனை வந்தால் நட என்று அத்தனை வருஷம் பழகிய கால்கள் நடந்தன. டெம்போ நகர்ந்தது, கார் திரும்பி மறைந்துபோனது.

திரும்பி என்னிடம் வந்தவருடைய முகத்தில் ரத்தமே இல்லை. கம்பியை என் மூக்கருகே நீட்டினார். எண்ணெய் தண்ணீராக வழிந்தது. சுத்தமான பெட்ரோல் வாசனை.

"ஆயில் ஏறல ராஜு. பெட்ரோல் எறங்கியிருக்குது. கம்பிய வேற நான் எடுத்துக்கினு வந்துட்டேன். அந்த ஓட்ட தொறந்து கெடக்குது. எஞ்சின் சூடானா அது வழியா பீச்சும். எங்க பீச்சும்? சைலன்சர் குழாய் மேல. மீனு உள்ள கீறாடா..."

வாயைக்கூடக் கொப்பளிக்காமல் ஸ்கூட்டரை எடுத்தேன். கையில் போன் வைத்துக்கொண்டு அலைகிற காலமில்லை அது. துரத்திப் பிடிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

தாபோடி, பிம்ப்ரி, சிஞ்ச்வட். ஷிப்ட் பஸ்கள் வழியை அடைத்தன. "மெதுவா போ" என்று எப்போதும் என் தோளை அழுத்துகிறவர் அன்று "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று முதுகில் குத்தினார். அவர் கையிலிருந்த கம்பியின் வாசனை காற்றில் என் முகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. தூரத்தில் எந்த லாரி புகை விட்டாலும் எனக்குத் திக்கென்றது. தேஹு ரோடு தாண்டி ஒரு இடத்தில் கும்பல் கூடியிருந்தது. அண்ணன் என் சட்டையைப் பிடித்த பிடியில் பொத்தான் தெறித்தது. கிட்டே போனால் கரும்பு லாரி ஒன்று சாய்ந்து கிடக்க, ஜனங்கள் கரும்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். "கர்த்தாவே, கர்த்தாவே" என்பதைத் தவிர அதற்கப்புறம் அவர் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

வட்கான் தாண்டியதும் பார்த்தோம். ரோட்டோரம் ஆலமரத்தடியில் வெள்ளை மாருதி. மூடிய பானெட்டின் இடுக்குகளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்க டீக்கடையில் ஹெலினா ஒரு வாளித் தண்ணீருக்காக நின்றாள். ரேடியேட்டர் கொதிக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். டெக்ஸ்டர் பானெட்டுக்குப் பக்கத்தில் காரில் சாய்ந்து, ஆற அமர, வாயில் சிகரெட்டை வைத்துக்கொண்டு பாக்கெட்டிலிருந்து லைட்டரை எடுத்தான். அப்பாவுக்குத் தெரியாமல் பழகிய பழக்கம். பின்சீட்டு ஜன்னலில் மீனுவின் தலை தெரிந்தது. தூங்கிக்கொண்டிருந்தாள்.

"டெக்ஸ்டர்!" என்று கத்தினேன். லாரிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஸ்கூட்டர் இன்னும் நிற்கவில்லை. அதற்குள் பின்பாரம் குறைந்தது. ஆபிரகாம் அண்ணன் ஓடினார்.

ஒரு செருப்பு ரோட்டிலேயே கிடந்தது. வேட்டி அவிழ்ந்து காலில் சுற்றியது, அதை வாரிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, ஓடத் தெரியாத மனிதர் ஓடுகிற ஓட்டம். மகனை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்து மீனுவை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குள் இறங்கி ஓடினார்.

டெக்ஸ்டர் அதைப் பார்த்தான். என்ன ஏது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் அவன். டாடி ஓடுகிறார் என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். லைட்டர் கையிலிருந்து விழுந்தது. பற்றவைக்காத சிகரெட்டைத் துப்பிவிட்டு அவர் பின்னாலேயே ஓடினான்.

நான் போய்ச் சேர்ந்தபோது வரப்பில் அண்ணன் மண்டியிட்டுக் கிடந்தார். மூச்சு வரவில்லை. தூக்கம் கலைந்த மீனு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

"ஃபிர் ஸே தாத்தா! இன்னொருவாட்டி ஓடுங்க!"

அவர் அவளைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

கார் எரியவில்லை. புகை அடங்கி, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, காம்ஷேத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தோம். சூடான குழாய்மேல் எண்ணெய் தெறித்துப் படிந்திருந்ததைக் காட்டினார். கீழே திறந்துவிட்டதும் எண்ணெய் மோர் போல ஓடியது. முகர்ந்துவிட்டு, தினமும் சோக்கை இழுத்து நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்கிறது யார் என்று ஹிந்தியில் கேட்டார். ஓட்டாமல், சூடேறாமல், எரியாத பெட்ரோலெல்லாம் எண்ணெயில் இறங்கியிருக்கிறது என்றார்.

டெக்ஸ்டர் சட்டென்று, "யாருமில்ல, வண்டி சும்மா நின்னுச்சு" என்றான்.

அண்ணன் கையை உயர்த்தினார். "மைன். ரோஜ். நான்தான், தினமும்."

அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். வீடு நெருங்கியதும், "மொனையிலேயே ஓடியிருக்கணும் ராஜு. டெம்போ நின்னுச்சில்ல, அப்பவே ஓடியிருக்கணும்" என்றார்.

டெக்ஸ்டர் திரும்ப மஸ்கட் போகுமுன் காரை விற்றுவிட்டான். அண்ணன் இப்போதும் பஸ்ஸுக்கு நடந்துதான் போகிறார், இப்போதும் தவறவிடுகிறார். அடுப்புக்கு மூக்கால் அனுமதி கொடுப்பதும் நிற்கவில்லை.

ஆனால் ஒன்று. அந்தக் கார் சம்பவத்துக்கு அடுத்த வாரம் ஏதோ வாங்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மீனு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தடதடவென்று ஓடினாள். அண்ணியும் நானும் வழக்கமான சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அண்ணன் பேப்பரை இறக்கி அவளைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடிக்கொண்டது.

"ஓடட்டும்" என்றார்.